கைவிரித்தல்

உட்காருங்கள். கோட்டை நாற்காலியில் போடுங்கள், சொட்டட்டும்.
பத்தூமியில் மழை விடட்டும் என்று காத்திருந்தால்
யாரும் எங்கேயும் உட்கார முடியாது.

பணத்தை என் கையில் தராதீர்கள்.
மேசைமேல் வையுங்கள், விரித்து எண்ணுகிறேன்,
உங்களுக்காக அல்ல,
கூரையில் தொங்கும் அந்தக் கறுப்புக் குமிழுக்காக.
அதற்குக் கண் உண்டு, காது இல்லை.
ஆகவே இங்கே வாய்ப்பேச்சு செல்லாது.
சீட்டு வேண்டுமென்றால் விரலால் பச்சைத்துணியைத் தட்டுங்கள்.
போதுமென்றால் உள்ளங்கையைக் கவிழ்த்து
ஈ ஓட்டுவதுபோல் ஒரு வீச்சு.

கணக்கு சின்னது.
இருபத்தொன்றைத் தாண்டாமல் என்னைத் தாண்ட வேண்டும்.
ராஜா, ராணி, ஜாக்கி மூவருக்கும் பத்துதான்,
கிரீடத்துக்கென்று தனியாக எதுவும் தருவதில்லை.
ஏஸ் மட்டும் சமயம் பார்த்து நடக்கும்:
இடமிருந்தால் பதினொன்று, நெருக்கினால் ஒன்று.

எனக்கு ஒரே சீட்டு, முகம் மேலே.
அடுத்ததை நீங்கள் எல்லோரும் முடித்த பிறகுதான் எடுப்பேன்.
எதையோ ஒளித்திருக்கிறேன் என்று என் முகத்தைப் படிக்காதீர்கள்,
ஒளிக்க என்னிடமே இன்னும் ஒன்றும் வரவில்லை.
பதினாறு வரை எடுத்தே ஆக வேண்டும்,
பதினேழில் நின்றே ஆக வேண்டும்.
மனசை உடைமாற்றும் அறையில் பூட்டிவிட்டு வருகிறேன்.
யோசிக்கிற தொல்லை முழுக்க உங்களுடையது.

என் ஆறுக்கு எதிரே உங்களுக்குப் பதினொன்றா, பந்தயத்தை இரட்டியுங்கள்.
என் பத்துக்கு எதிரே பதினாறா,
எடுத்தாலும் வலிக்கும், நின்றாலும் வலிக்கும்,
எடுங்கள், ஒரு மயிரிழை குறைவாக வலிக்கும்.
நான் ஏஸைத் திறந்தால் காப்பீடு வேண்டுமா என்று கேட்பேன்.
கேட்பது என் வேலை. மறுப்பது உங்கள் வேலை.
(ஓதார் பின்னால் நிற்கும்போது இதைச் சொல்லமாட்டேன்.)

நீங்கள் உட்கார்ந்திருப்பது ரெஃபிக்கின் நாற்காலி.
ஹோப்பாவில் ஹேசல்கொட்டை மண்டி வைத்திருக்கிறார்.
வியாழக்கிழமைகளில் எல்லையை நடந்தே கடந்து வருவார்.
பதினொரு மாதம் அவருக்குச் சீட்டுப் போட்டேன்.
தட்டுவார், வீசுவார், தோற்றால் தோளைக் குலுக்குவார்.
அலட்டாத ஆள் என்று நினைத்திருந்தேன்.

மார்ச்சில் ஒரு ராத்திரி தீ மணி அடித்தது.
சில்லுகளை வாரிக்கொண்டு கூட்டம் வாசலுக்கு ஓடியது,
ஒரு பெண்ணின் செருப்பு என் மேசையடியில் கிடந்தது,
ஓதார் கத்தினார், நான் தட்டை மூடப் போனேன்.
டொக் டொக்.
ரெஃபிக் துணியைத் தட்டுகிறார்.
கையில் பதினாறு. கண் என் பத்தின்மேல்.
காதைப் பிளக்கும் அந்த மணி
அவர் நாற்காலி வரைக்கும் வந்து சேரவேயில்லை.

மணி அடித்தால் மூடு என்கிறது விதி.
தட்டினால் கொடு என்கிறது விதி.
கொடுத்தேன்.
டைமன் ராஜா. இருபத்தாறு.
அவர் சில்லை அந்த அமளியிலும் முறைப்படி இழுத்துக்கொண்டேன்,
எனக்கே வெட்கமாக இருந்தது.
பிறகுதான் திரும்பிக் காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

மேசையை விட்டுப் போகுமுன் நாங்கள் கை தட்டி
இரு உள்ளங்கையையும் கூரைக்குக் காட்டுவோம்:
என்னிடம் ஒன்றுமில்லை, பார்த்துக்கொள்.
காட்டினேன்.
ரெஃபிக் என்னையே பார்த்தார்,
தன் கைகளை இரு காதுக்கு மேலே தூக்கி
பத்து விரலும் நடுங்க நடுங்கத் திருப்பினார்.
காது கேளாதவர்களின் கைதட்டல் அது என்று
எனக்குத் தெரிய இரண்டு வாரம் ஆனது.

தீ என்று ஒன்றுமில்லை, சமையலறையில் கருகிய ரொட்டி.
மறுநாள் ஓதார் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்.
சீட்டு கொடுத்ததைப் பற்றிக் கேட்கவில்லை.
அந்தக் கைகளில் நிறுத்தினார்.
'மாக்வாலா, இது என்ன சைகை? எடுப்பதா, நிற்பதா?'

நான் கைவிரித்தேன்.

சரி, பந்தயத்தை வையுங்கள்.
வியாழக்கிழமை மட்டும் வேறு நாற்காலி பாருங்கள்.