சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்

சனிக்கிழமை பெஞ்சு துடைத்தால்
ஞாயிறு காலையில் மறுபடி துடைக்க வேண்டும்.
எண்ணூரில் கோயில்குட்டி வேலை
பாதி துடைப்பதுதான்.
ஜன்னல் விளிம்பு, ஆர்மோனியப் பெட்டி, காணிக்கைத் தட்டு.
பிரசங்க பீடத்துத் துணி
விரித்த மறுநாளே நரைத்துவிடும்,
தட்டினால் கொஞ்ச நேரம் இளமை.

பத்தொன்பது வருஷம்
அனல் மின் நிலையத்தில் காண்ட்ராக்டில் இருந்தேன்.
சாம்பல் குழாய் எந்த இடத்தில் விரிசல் விடும் என்று
காதை வைத்தே சொல்வேன்.
இப்போது மணி அடிக்கிறேன்.
தோளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

புது ஆயர் கமிட்டியில் சொன்னார்:
இந்த வருஷம் லெந்து தொடங்கும்போது
நெற்றியில் சாம்பல் பூசலாம்.
மின்விசிறி மட்டும் பேசியது.
பிறகு ஏனோக்கு எழுந்தார்.
"எங்க பாட்டனார் அழிச்சிட்டு வந்ததை
ஐயா திரும்பப் பூசுறீங்களா?"
அது வேற, இது வேற என்றாள் கிளாடிஸ் அக்கா.
எப்படி வேறு என்று ஒருவரும் கேட்கவில்லை.
கை தூக்கினார்கள். ஏழுக்கு ஐந்து.
டீ வந்தது.
ஐந்து பேர் சமோசா எடுக்கவில்லை.

அப்புறம் வீடு வீடாகப் போனேன்,
போன வருஷத்துக் குருத்தோலைச் சிலுவைகளைக் கேட்டு.
சுனாமி குடியிருப்பில் மூன்றாம் மாடி,
சுகிர்தா வீட்டில் கேஸ் புத்தகத்துக்குள் ஒன்று.
கத்திவாக்கத்தில் ஃப்ரிட்ஜின் தலைமேல்
கரப்பான் முட்டையோடு ஒன்று.
"படகு முனையில கட்டினேன், ஆறு எடுத்துக்கிச்சு,
இறாலை எடுத்துக்கின மாதிரி"
என்றார் காட்டுக்குப்பத்து சீலாஸ்.
நிறையப் பேர் போகியன்று
பழம்பாயோடு சேர்த்து எரித்திருந்தார்கள்.
சொல்லும்போது சிரித்தார்கள்,
சிரித்துவிட்டுத் தண்ணீர் வேணுமா என்றார்கள்.

ஏனோக்கின் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றேன்.
அவர் தன் ஆட்டோவுக்குள் குனிந்தார்.
கண்ணாடிக்கு மேலே செருகி
ஒரு வருஷ வெயில் குடித்த சிலுவை.
"எரிக்கத்தானே கேக்கற, எடுத்துக்கோ.
நெத்தியை மட்டும் கேக்காத."

தெரு திரும்பிய பிறகுதான் நினைவு வந்தது.
அது ரூபாவதி பின்னியது.
ஆராதனை நடக்கும்போதே, கடைசி பெஞ்சில்,
பல்லால் ஓலையைக் கிழித்து.
ஆடியில் அவளை அடக்கம் பண்ணினோம்.
திரும்பிப் போய்க் கொடுத்துவிடலாமா என்று
பெட்டிக்கடையில் நின்று ஒரு டீ குடித்தேன்.
இன்னொன்றும் குடித்தேன்.
போகவில்லை.

செவ்வாய் ராத்திரி.
நாளையிலிருந்து ஈஸ்டர் வரை அல்லேலூயா கிடையாது.
கையிருப்பில் உள்ளதை எல்லாம்
இன்றே தீர்த்துக்கொண்டிருந்தது பாடகர் குழு.
நான் பின்கட்டில்,
அசனத்துக்கு வெங்காயம் வதக்கும் இரும்புச் சட்டியில்
பதினோரு சிலுவையைப் போட்டுக் கொளுத்தினேன்.
ஓலை அவசரக்காரன்.
ஒரு சரணம் முடியும் முன்பே முடிந்துவிட்டது.
சலித்துப் பார்த்தால்
ஒரு தேக்கரண்டிகூடத் தேறவில்லை.
சபையில் நூற்று அறுபது நெற்றி,
ஐந்தைக் கழித்தாலும்.

பன்னிரண்டாவது சட்டைப் பையில் இருந்தது.
சட்டிக்கு மேலே இரண்டு தடவை நீட்டினேன்.
கைதான் சுட்டது.

கடைசியில் வடக்கு ஜன்னலைத் திறந்தேன்.
விளிம்பில், நான் சனிக்கிழமை துடைத்த அதே இடத்தில்,
மூன்று நாள் சாம்பல்,
யாரும் கேட்காமல் வந்து உட்கார்ந்தது.
விரலால் வழித்துக் கிண்ணத்தில் தட்டினேன்.
கறுப்பு லேசாக ஈய நிறமானது.
எண்ணெய் விட்டுக் குழைத்தால் ஆயருக்குத் தெரியாது.
என் கட்டைவிரலுக்குத் தெரியும்,
இது நறநறக்கும்.

உள்ளே இன்னொரு அல்லேலூயா ஏறும்போது
கிளாடிஸ் அக்கா இருமினாள்.
விடாத இருமல், இங்கே எல்லாருக்கும் உள்ளதுதான்.
ஆர்மோனியம் நின்றது.
அவள் இருமி முடிக்கும்வரை
எல்லாரும் காத்திருந்தார்கள்.
பிறகு விட்ட இடத்திலிருந்து.