கால் வரி

புத்தகத்துக்கு அட்டை இல்லை.
முதல் பதினொரு பக்கமும் செல்லுக்குப் போயிருந்தது.
நெய்யூர்க் கோயிலில் வெள்ளையடிக்க
அலமாரியை நகர்த்தியபோது பின்னால் கிடந்தது.
எழுதியவன் பெயர் எந்தப் பூச்சியின் வயிற்றிலோ.
முன்னுரையில் மிஞ்சியது அரை வரி:
துறைமுக நகரத்தில் முப்பது வருடம் ஆர்கன் வாசித்தார், ஏழு
ஏழு என்ன?
பிள்ளைகளா, ஆர்கன்களா, வழக்குகளா?

எனக்குக் கூட்டுறவு வங்கியில் வேலை.
காசோலைக் கையெழுத்தையும் அட்டைக் கையெழுத்தையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.
கை நடுங்கினாலும், பேனா மாறினாலும்
ஒருவன் தன் பெயரில் ஏதோ ஒரு வளைவை
விடுவதே இல்லை.
இவனிடமும் அதைத் தேடினேன்.

முதல் பாட்டில் பரணிலிருந்து பாத்திரங்கள் சரிகின்றன,
தரையில் சுழல்கின்றன, சட்டென்று அமைதி.
அடுத்ததில் ஒருவன் ஏதோ சொல்ல
அதையே இன்னொருவன் கொஞ்சம் மேலிருந்து சொல்ல
மூன்றாமவள் கீழிருந்து: நான் அப்பவே சொல்லலியா?
ரயில்வே கேட் மூடிக் கிடக்கையில் நடக்கும் சண்டை மாதிரி
எல்லார் வாயிலும் ஒரே வாக்கியம்.
நாற்பதாம் பக்கத்தில் கல்யாண வீடு, குதிகாலில் ஆடுகிறான்.
அறுபத்திரண்டில் யாரோ செத்துப்போனார்கள்;
ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
உள்ளறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான்.
குயிலைக் கேலி செய்து ஒன்று.
கணக்கு மாதிரி ஒன்று. கூட்டிப் பார்த்தேன்,
சரியாக வந்தது, அழகாக வரவில்லை.

இது ஒருவன் இல்லை, குறைந்தது நாலு பேர்,
கூட்டுக் கணக்கு என்று ஓரத்தில் எழுதி வைத்தேன்.

எங்கள் ஆர்கனில் கால், காற்றுக்கு.
மிதிப்பதை நிறுத்தினால் மூச்சு நின்றுவிடும்.
அவனோ கால்களுக்கும் சுரம் எழுதியிருந்தான்,
மூன்றாவது வரி, எல்லாவற்றுக்கும் அடியில்.
அதை நான் வாசித்ததே இல்லை.

ததேயுஸ் குளச்சல்காரன். துக்க வீட்டு பேண்டில் யூஃபோனியம்.
நகைக்கடன் புதுப்பிக்க வந்தவனிடம் கேட்டேன்,
கீழ் வரி மட்டும் ஊதித் தர முடியுமா?
"ஆளு எப்ப செத்தாரு?"
"முந்நூறு வருஷம் ஆச்சு."
"அப்ப அவசரம் ஒண்ணுமில்ல. வியாழக்கிழம வாறேன்."

வியாழன் நல்ல மழை.
பித்தளையைத் துண்டால் துடைத்தான்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தாளைப் பார்த்தான்,
ஊதினான்.
பெஞ்சுகளுக்கு அடியில் ஏதோ நகர்ந்தது.
இத்தனை மாதமும் நான் மாடியை மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று பாட்டு முடிந்து
எச்சில் வடிய வாத்தியத்தைக் கவிழ்த்தபடி சொன்னான்:
"இந்தாளு ஒரு காரியம் செய்யாம விடமாட்டான் போல.
முடியதுக்கு முன்ன நீங்க மேல கெடந்து ஓடுறிய,
என்னைய ஒரே எடத்துல நிறுத்திப்போடுறான்.
மூச்சு முட்டுது. எப்ப விடுவான்னு நிக்கேன்.
கல்யாணத்துலயும் அதே, சாவுலயும் அதே."

கால் வரியை மட்டும் பார்த்துக்கொண்டு பக்கம் புரட்டினேன்.
குயிலுக்குக் கீழே ஒற்றைச் சுரம், ஐந்து கட்டம் நீளம்.
சண்டைக்குக் கீழே பன்னிரண்டு.
கணக்குக்குக் கீழேகூட
அரைக் கட்டம், வெட்கத்தோடு.
ஓரத்தில் எழுதியதை ரப்பரால் அழித்தேன்.
தாள் கொஞ்சம் கிழிந்தது.

ஆராதனையில் துக்க வாத்தியம் எதற்கு என்று
செயலர் ஞானசிகாமணி இரண்டு முறை கேட்டார்.
கல்யாண ஆட்டம்தான் வாசிக்கப் போகிறோம் என்றேன்.
அவர் முகம் இன்னும் மோசமானது.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுரம் வந்தது.
என் பத்து விரலும் மேலே ஓட,
அவன் நின்றான்.
பின்வரிசையில் நாலைந்து பேர் பழக்கத்தில் எழுந்தார்கள்,
பெட்டி கடந்து போகிறது என்று நினைத்து.
ஒரு குழந்தை மட்டும் சரியாகக் கேட்டு
நடுவழியில் குதித்துக்கொண்டிருந்தது.
ஏழாவது கட்டத்தில் ததேயுஸ்
கண்ணாலேயே கேட்டான், விடுவானா?
இன்னும் இரண்டு இருக்கிறது என்று தலையாட்டினேன்,
மிதித்துக்கொண்டே.