பூட்டுக் கணக்கு

மாலை ஆறு மணி. பத்துப் பூட்டு வந்துவிட்டது.
பலகையில் பதினோராவது ஆணி
வெறுமனே நிற்கிறது.

நான் கருவி அறைக்காரன். பாடம் நடத்துபவன் அல்ல.
கமதோரோ ரிவதாவியாவின் தொழிற்பள்ளியில்
ஸ்பேனரும் கயிறும் கொக்கியும்
எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குபவன்.
நான் சேர்ந்த நாள் முதலாக
என் தகரக் கூரையைக் கழற்றப் பார்க்கிறது
இந்த ஊர்க் காற்று.

சேர்ந்தவுடன் ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு, ஒரே சாவி.
மாற்றுச் சாவி கிடையாது.
பூட்டின் வயிற்றில் அவரவர் முகம் ஒட்டியிருக்கும்.
காற்றாலைக்குள் ஏறுமுன்
கீழே விசையை இறக்கு, பூட்டு, சாவியைப் பையில் போடு.
நீ உள்ளே இருக்கிறாய் என்பதற்கு
அந்தப் பூட்டுதான் சாட்சி.
பிறகு கம்பியில் உயிர் இருக்கிறதா பார்.
பார்த்த கருவிக்கு உயிர் இருக்கிறதா
அதையும் பார்.

முக்கால்வாசிப் பேர் எண்ணெய்க் கிணற்று வீட்டுப் பிள்ளைகள்.
நஹுவேல் உயரத்தில் வாந்தி எடுப்பான்,
துடைத்துக்கொண்டு மேலே ஏறுவான்.
ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட உலீசெஸ்
நாற்பத்து நான்கு வயதில்
கண்ணாடியைத் தேடித்தேடி முறுக்குவிசைக் கணக்கு போடுகிறான்,
அடுத்த பெஞ்சில் அவன் மகள்
விடையைக் கையால் மறைத்துக்கொள்கிறாள்.

பதினோராவது பூட்டு ஐலீன் கயுபானுடையது.
படத்தில் கண் மூடியிருக்கிறது.
மறுபடி எடுக்கலாமே என்றேன்.
'என் பூட்டுதானே, தூங்கட்டும்' என்றாள்.

அவள் இப்போது சர்மியெந்தோ பஸ்ஸில்.
சாவி அவளிடம்.
போன் போகவில்லை, வழி நெடுக சிக்னல் கிடையாது.
வெளியே பள்ளியின் ஒரே காற்றாலை
இத்தனை காற்றிலும்
கை கட்டி நிற்கிறது.

எட்டு மணிக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு.
'ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு போகும் தெரியுமா?
எல்லாரும் இறங்கியாச்சு. எண்ணிப் பார்த்தோம்.
வெட்டிவிடு.'

வெட்டுக் கத்தரி எங்கே தொங்குகிறது என்று
என் கைக்கு இருட்டிலும் தெரியும்.

எண்ணெய் வயலில் ஒரு ராத்திரி
இதேதான் சொன்னார்கள்:
எண்ணிப் பார்த்தோம், உள்ளே யாருமில்லை.
நான் வெட்டவில்லை.
டார்ச் பிடித்தேன்.

அதற்கு மேல் அந்த ராத்திரியை
வீட்டில்கூடச் சொன்னதில்லை.

முடியாது என்றேன்.
பெயர் கேட்டார்கள். எழுத்துக்கூட்டிச் சொன்னேன்:
மெலித்தோன் இபாஞெஸ்.
இரண்டு முறை.

ஒன்பதரைக்கு அவளே கூப்பிட்டாள்.
வீட்டுக் கதவைத் திறக்கப் பைக்குள் கைவிட்டாளாம்,
இரண்டு சாவி வந்ததாம்.
நான் பதில் சொல்லுமுன் வைத்துவிட்டாள்.

ஆட்டுரோமம் ஏற்றிய லாரியில்
இரண்டே முக்காலுக்கு வந்து குதித்தாள்.
தலையெல்லாம் ரோமம். மன்னிப்பு கேட்கவில்லை.
நேரே கோபுர வாசலுக்குப் போனாள்.
இருட்டை அண்ணாந்து பார்த்து
'உள்ளே யாராவது?' என்றாள்.
உள்ளேயிருந்து அவள் குரலே இறங்கி வந்தது.
மறுபடியும் கேட்டாள்.
காது கொடுத்து நின்றாள்,
எனக்குக் கால் வலிக்கும் வரை.
அப்புறம்தான் திறந்தாள்.

இறக்கைகள் உடனே கிளம்பிவிடவில்லை.
காற்று இரண்டு மூன்று தரம்
கூப்பிட வேண்டியிருந்தது.

'மார்க் குறையுமா?'
தாளைப் புரட்டினேன்.
மறதிக்கு ஒரு கட்டம் இருந்தது.
ராத்திரி நூற்றைம்பது கிலோமீட்டர் திரும்பி வந்ததற்கு
நான் தேடியவரை எதுவும் இல்லை.

கயிற்றுச் சுருள்மேல் தூங்கிப்போனாள்,
பூட்டில் இருக்கும் அதே முகத்தோடு.
பதினொன்று என்று பதிவேட்டில் எழுதினேன்.
மறதிக் கட்டத்தில் என் மாத்தே கொட்டிவிட்டது.
தட்டிவிட்டது கையா, காற்றா என்று
காலையில் கேட்பார்கள்.
கேட்கட்டும்.