தொண்ணூற்றாறு ஆடுகள்

இலந்தங்குடிப் பேருந்தில் கூட்டமில்லை.
மை, பிரஷ், சுருட்டிய தாள், ஒரு பிளாஸ்டிக் வாளி.
நடத்துநர் வாளிக்கும் சீட்டுக் கேட்டார்.

கோயில் மதில் ரங்கூன் வட்டியில் எழுந்தது
என்றார் காரியக்காரர் சேவுகப்பெருமாள்.
"இப்போ எழுநூத்திப் பன்னெண்டு புள்ளி.
இங்கேருந்து மாலை போனாத்தான் கல்யாணம்."
அவருக்கு மாலைக் கணக்கு.
நான் வந்தது கல்லுக்கு.

கருவறையில் தொடங்கி வாசலுக்கு நடந்தால்
காலம் நம்மோடு நடந்து வருகிறது.
உள்ளே வெட்டுப்போதிகை
சுமப்பதைக் காட்டிக்கொள்ளாமல் சுமக்கிறது.
நாலே எட்டு.
தூணில் பட்டை கூடிப்போய்
போதிகையில் வாழைப்பூ தலைகீழாய்த் தொங்குகிறது.
அந்த நாலு எட்டுக்குள் முந்நூறு ஆண்டு.
அதையும் தாண்டினால் பர்மாத் தேக்குக் கதவு,
கதவின் நெற்றியில் டியூப்லைட்,
அதற்கு ஒயர் இழுத்த ஆணி
ஒரு 'ஸ்ரீ'யின் வயிற்றில்.

வடசுவரைப் பார்க்க வேண்டாம்.
போன கும்பாபிஷேகத்துக்கு மணல் வீசிவிட்டார்கள்.
இன்றைக்குத்தான் பிறந்ததுபோல
ஒன்றும் தெரியாமல் நிற்கிறது.

தென்சுவரில், முப்பட்டைக் குமுதத்துக்கு மேலே,
விபூதி துடைத்த விரல்களுக்கு அடியில்
எழுத்து.
நனைத்தேன். தாளை ஒட்டினேன். அடித்தேன்.
அடிக்க அடிக்கத் தாள் பள்ளத்துக்குள் இறங்கும்,
கல் விட்ட இடத்தைத் தாள் பிடித்துக்கொள்ளும்.
பிறகு மை.
கறுப்பில் வெள்ளையாய் ஒருவர் பேசத் தொடங்குவார்.

அரசன் பெயர் பொரிந்துபோயிற்று.
யாண்டு பதினாலு மட்டும் மிச்சம்.
*மன்றாடி எழினி காடன் வசம்
திருநொந்தாவிளக்கு ஒன்றினுக்கு விட்ட
சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு
இவ்வாடு கொண்டு நிசதம் உழக்கு நெய்*
கல் முடிந்தது.
அடுத்த கல்:
*வாய்க்காலுக்கு மேற்கும் பெருவழிக்கு வடக்கும்
இவ்விசைத்த நிலம் விற்றுக்கொடுத்தோம் ஊரோம்.*

விளக்குக்கு விட்ட ஆடு
எவனோ விற்ற வயலுக்குள் இறங்கி
மேய்ந்துகொண்டிருக்கிறது
நூற்றுப் பத்து ஆண்டாக.

"சுவரைப் பிரிச்சுக் கட்டினாகளாம்" என்றார் சேவுகப்பெருமாள்.
கரித்துண்டால் கல்லுக்கு எண் போட்டிருப்பார்கள்.
ஒரு ராத்திரி மழை போதும்.
கொத்தனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?
தாளே நுழையாத பொருத்து அவனுடையது.
நூல்மட்டத்துக்குச் சரியாக இருந்தது.
வாக்கியத்துக்கு இல்லை.

பாதி வாக்கியத்தைத் தேடி இரண்டு நாள்.
கோமுகிக்கு அடியில், கிணற்று மேடையில்,
வாகன அறைப் படியில்.
வௌவால் பீ, செங்கல், பழைய மணியின் நாக்கு.
மூன்றாம் நாள் மடைப்பள்ளியில்
பரிசாரகர் வைத்தா சோற்றுப்பானையை இறக்கிய இடத்தில்
குனிந்து வாளியை எடுக்கப்போய்
விரலில் தட்டியது ஒரு 'ட்ட'.

பானை நகர்ந்தது. கரியைத் தேய்த்தேன்.
எழுத்து தலைகீழ், நான் சுற்றி வந்து அமர்ந்தேன்.
*அட்டுவேனானேன் எழினி காடனேன்
நான் செத்தும் போயும் கெடினும்
எனக்குப் புணைபட்டோம் மன்றாடி*

இரண்டு பெயர். ஒன்று உடைந்திருக்கிறது.
மற்றது சாத்தன்.

ஆட்டுக்குச் சாவில்லை, மூப்பில்லை.
குட்டி போட்டு ஈடுகட்டிக்கொள்ளும்,
கணக்கில் எப்போதும் தொண்ணூற்றாறு.
சாகக்கூடியவன் ஒருவன்தான் அந்த ஒப்பந்தத்தில்.
அதை அவனே சொல்லி
அவனே கல்லில் வெட்டவிட்டு
மந்தையை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

ஈரத்தாளை உரித்தேன்.
முன்புறம் என் மை,
பின்புறம் இன்றைய பொங்கலின் கரி.
எது எழுத்து எது அடுப்பு என்று
வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிகிறது.

"ஆச்சா? கை சுடறது" என்றார் வைத்தா,
துணி சுற்றிய இரு கைகளிலும் பானையோடு.
நகர்ந்தேன்.
காடன் கொடுத்த வாக்கின்மேல்
பானையை இறக்கிவைத்தார்.
அது அசையாமல் உட்கார்ந்தது.