தொண்ணூறு ரூபாய்

பள்ளத்தூர் பலகாரக் கம்பெனியில்
சம்பளம் போடுகிறவன் நான்.
இ.எஸ்.ஐ. நோட்டீஸை
முறுக்கு அடுப்புக்கு எதிரே ஒட்டினேன்.
எண்ணெய் குடித்துக் குடித்து
தாள் கண்ணாடியாகி
பின்னாலிருந்த சுவர் தெரிந்தது.

கூட்டம் போட்டேன். வடை தீர்ந்தது.
"சந்தேகம் இருக்கா?"
"தீபாவளி போனஸ் எப்ப சார்?"

எல்லாரும் போன பிறகும்
அடைக்கலம் நின்றாள்.
கையெல்லாம் எண்ணெய் தெறித்த புள்ளி.
மடியிலிருந்து அட்டையை எடுத்தாள்.
போன வருசமே காரைக்குடிக்குப் போனாளாம்,
திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

பாலினம்: ஆண்.
தட்டச்சு செய்தவன் நான்.

"ஆம்பளைக்கு எப்படிம்மா
கர்ப்பப்பையில கட்டின்னு சிரிச்சாங்க.
நானும் சிரிச்சுட்டு பஸ் ஏறிட்டேன் சார்."

மாதம் தொண்ணூறு ரூபாய்
பிடித்திருக்கிறேன் அவளிடம்.
அதில் மட்டும்
ஒரு பைசா தப்பில்லை.

நோட்டீஸைக் கிழித்துப் போட்டேன்.
இப்போது ஒவ்வொருவராகக் கூப்பிட்டு
முகத்தைப் பார்த்து, அட்டையைப் பார்த்து,
மறுபடி முகத்தைப் பார்க்கிறேன்.
எட்டாவது ஆள் வெள்ளைக்கண்ணு.
பேரன் எடுத்தவர்;
நான் அடித்த பிறந்த தேதிப்படி
வயது ஆறு.

வியாழக்கிழமை அடைக்கலத்துக்கு ஸ்கேன்.
ஒன்பது மணி பஸ்.
நானும் போகிறேன்.