ஒன்றும் விற்காதவள்

ஜங்ஷனில் தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள்
மாடிப்படிக்கு அடியில் சர்வரைத் திறந்தோம்.
உள்ளே வண்டல், ஒரு நத்தை,
பதினோரு வருடக் கடன் பாக்கி.

முக்கூடல் முதல் திசையன்விளை வரை
நானூற்றுச் சொச்சம் மருந்துக்கடைகள்.
யார் எவ்வளவு தர வேண்டும் என்பது
அந்தக் கறுப்புப் பெட்டிக்கு மட்டும்தான் தெரியும்.
போன் போட்டுக் கேட்டோம்.
பாதிப் பேர் தொகை சொன்னார்கள்.
மீதிப் பேர்
"நீங்களே பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்கள்.

அதற்கப்புறம் வந்ததெல்லாம் விற்க வந்தவர்கள்.
மதுரைக்காரர் மூன்று சர்வர் என்றார்.
டை கட்டிய சென்னைப் பையன்
எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிடலாம் என்றான்.
மாதம் எவ்வளவு ஆகும்?
"யூசேஜைப் பொறுத்தது சார்."
பங்காளி ஆவுடையப்பன்
செருப்பைத் தேட ஆரம்பித்தான்.

ரிபாயா பானு மேலப்பாளையத்திலிருந்து
ஸ்கூட்டரில் வந்தாள்.
எந்தக் கம்பெனிம்மா?
"எந்தக் கம்பெனியும் இல்ல, நான் மட்டுந்தான்.
பாக்கதுக்கும் சொல்லதுக்கும்தான் காசு.
நீங்க யார்ட்ட வாங்குனாலும்
எனக்கு ஒத்த ரூவா வராது."
ஆவுடையப்பன் என் காதில்:
"சரக்கே இல்லாத கடைக்கு
வாடகை கேக்காளே வே."

நாற்பத்தெட்டாயிரம். பாதி முன்பணம்.
நாலு பக்க ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் முழுக்க
என்னென்ன செய்ய மாட்டேன் என்று எழுதியிருந்தாள்.
அந்தப் பக்கத்தைப் படித்துத்தான்
கையெழுத்துப் போட்டேன்.

முதல் நாள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை.
பில் போடும் சொர்ணத்தின் பக்கத்தில்
ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து
நெட் போனால் என்ன செய்வீங்க என்றாள்.
"திட்டுவேன்" என்றாள் சொர்ணம்.
அதையும் எழுதிக்கொண்டாள்.

பிறகு என் முறை.
பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?
சிவனணைஞ்சானுக்கு.
அவர் எங்க?
மஸ்கட்டில்.
பேக்கப்?
இருக்கு என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து.
மேல்மாடி பீரோவில் நனையாமல் கிடந்த டிஸ்க்,
ஆயுத பூஜைச் சந்தனம் அடுக்கடுக்காகக் காய்ந்தது.
"இதத் திறந்து பாத்திருக்கியளா?"
திறந்தோம்.
மைத்துனன் கல்யாண வீடியோ, நாலு பாகம்.
மூன்றாவதில் பந்தி.
இலைக்கு முன்னால் நானே உட்கார்ந்திருந்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
பாதிப் பணம் அதற்கே சரியாகப் போயிற்று.

மூன்று சர்வர் வேண்டாம், ஒன்றுகூட வேண்டாம்.
பில்லும் பாக்கியும் கிளவுடில்.
இன்சுலின் ஃப்ரிட்ஜைக் கண்காணிக்கும்
சின்னப் பெட்டி மட்டும் இங்கேயே, மாடியில்.
நெட் இரண்டு கம்பெனியிடம்,
இரண்டு வயரும் ஒரே போஸ்டில் வரக் கூடாது.
சென்னைப் பையன் அவளுக்குத் தனியாகப் போன் போட்டு
பத்து சதவீதம் தருவதாகச் சொன்னானாம்.
அதையும் என்னிடம் சொல்லிவிட்டு
அவன் விலையை அதே பத்து குறைக்கச் சொன்னாள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு.
"இப்பத் தண்ணி வந்துட்டுன்னு வச்சுக்கிடுங்க"
என்று சொல்லிக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினாள்.
சொர்ணம் கத்தினாள்.
வாங்கி வந்த டீயில் ஆடை படிந்தது.
நாற்பது நிமிஷம் எனக்குக் கடையே இல்லை,
எனக்கு யாரும் கடன்படவில்லை,
நான் யாருக்கும் அண்ணாச்சி இல்லை.
பிறகு ஒரு பழைய லேப்டாப்பில்
திசையன்விளை ஜெபா மெடிக்கல்ஸ்
பதினாலாயிரத்து இருநூற்று அறுபது ரூபாயோடு
மெல்ல எழுந்து வந்தது.

கடைசி நாள் பாஸ்வேர்டுகளை
இரண்டு கவரில் அரக்கு வைத்துக் கொடுத்தாள்.
ஒன்று வங்கி லாக்கருக்கு.
"இனி என் பேரை எடுத்துருங்க.
நீங்களே அழுத்துங்க, நான் அழுத்தக் கூடாது."
நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது திரை.
விரல் கொஞ்சம் நின்றது.
அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி. பாபநாசத்தில் மடை திறந்தார்கள் என்று செய்தி.
ஆவுடையப்பன் பழைய பழக்கத்தில் எழுந்து போய்
படிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான்.
ஒரு துடைப்பம் சாய்ந்திருந்தது.
அதை எடுத்து மாடியில் வைத்தான்.