நாற்பத்து மூன்று வெள்ளி அதிகம்

சிலிம் ரீவர் தபால் நிலையத்துக்கு எதிர்க்கடையில்
நகல் ஒரு பக்கம் இருபது சென்.
அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம்,
பதினெட்டு வருடத்துக்கு முந்திய எஸ்.பி.எம். சான்றிதழ்.
அதில் கணக்குக்கு மட்டும் ஏ.
மடித்த இடத்தில் வெளுத்துப்போயிருந்தது
அந்த ஏ-யின் ஒரு கால்.

பிறகு, மூன்று மாதச் சம்பளச் சீட்டு.
அங்கேதான் இடித்தது.

குறைந்த வருமானத் தொழிலாளருக்குக் கல்லூரி உதவி என்று
மலாயில் அச்சடித்த பாரத்தில்
ஏழாவது கட்டம்:
மாத வருமானம் இரண்டாயிரத்துக்கு மிகாமல்.
என் அக்டோபர் சீட்டில்
இரண்டாயிரத்து நாற்பத்து மூன்று.

ஆலை அலுவலகத்துக் காக் ரொஸ்னா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
"பணக்காரி ஆயிட்டியே, லோகநாயகி."
இருவரும் சிரித்தோம்.
சிரித்து முடித்த பிறகும் எண் அப்படியே இருந்தது.

அந்த நாற்பத்து மூன்று எதுவென்று எனக்குத் தெரியும்.
தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு,
நள்ளிரவு தாண்டிய மூன்றரை மணி நேரம்.
கேட்டிலிருந்து பெரிய ரோடு வரை லாரிகள் நிற்க,
கொட்டிய செம்பனைக் குலைகளைக்
கொக்கியால் புரட்டிப் புரட்டி
பழுத்தது, காய், அழுகல் என்று
பிரித்துக்கொண்டு நின்றேன்.
முள் ஏறிய கட்டைவிரல் வாயில் இருக்கும்போதே
விடிந்தது.

"கடைசித் தேதி பிப்ரவரியில்தான்," என்றாள் ரொஸ்னா.
"மழை மாசத்துச் சீட்டு மூணையும் கொண்டு வா.
ஓ.டி. மட்டும் எடுக்காதே."

ஆக, மூன்று மாதம்
நான் கவனமாக ஏழையாக இருக்க வேண்டும்.
ஏழையாக இருப்பது கைவந்த வேலை.
அளந்து இருப்பதுதான் புதிது.

நவம்பரில் மண்டோர் கேசவன் கேட்டார், ராத்திரி வர்றியா?
வரலை.
டிசம்பரில் இரண்டு தடவை கேட்டார்.
வரலை, வரலை.
உடம்புக்கு என்ன என்று கேன்டீனில் பேச்சு.
என் இடத்தில் நேபாளத்துப் பையன் பிமல் நின்றான்.
மறுநாள் தேடி வந்து நன்றி சொன்னான்,
நான் அவனுக்கு விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்து.
இல்லையென்று சொல்ல
வாய் வரவில்லை.

மோட்டாரின் பின் டயர் வழுக்கையாகவே ஓடியது.
ஞாயிற்றுக்கிழமைக் கோழி
ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஆனது.
"நீ படிக்கிறதுக்கு நான் ஏன் பட்டினி?" என்றான் மகன்,
இரண்டாவது தட்டு முட்டைச் சோற்றைத் தின்றபடி.

ஜனவரிச் சீட்டு வந்தது:
ஆயிரத்து எழுநூற்று அறுபத்தொன்று.
ஈ.பி.எஃப்., சொக்சோ பிடித்தது போகக் கைக்கு இன்னும் கீழே.
குறைந்த சம்பளத்தைக் கண்டு
நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.
சந்தோஷம் வந்த சுருக்கில் வெட்கமும் வந்தது.

கடைசிப் பக்கத்தில் கோடு போட்ட பத்து வரி.
இந்த உதவி உங்களுக்கு ஏன் வேண்டும்?
குடும்பக் கஷ்டம் என்று தொடங்கி அடித்தேன்.
நாட்டுக்குச் சேவை என்று எழுதி, அதையும் அடித்தேன்.
மூன்றாவதாக எழுதியது இது:
காய்க் குலைக்கு விலை பிடிப்பார்கள்.
பதினான்கு வருடமாக நான் பிரித்து, எண்ணிச் சொல்கிறேன்.
எவ்வளவு பிடிப்பது என்று
தராசு அறையில் வேறு யாரோ கூட்டுகிறார்கள்.
நான் எண்ணியதை நானே கூட்டிப் பார்க்க
கணக்கியல் படிக்க வேண்டும்.

ஆறு வரிதான் ஆனது.
மீதி நாலைக் காலியாக விட்டு ஒட்டினேன்.

மார்ச் முடிகிறது. பதில் இல்லை.
நேற்று மண்டோர் மறுபடி கேட்டார்.
வர்றேன், ஆனா சனிக்கிழமை ஷிப்ட் மட்டும் வேணாம் என்றேன்.
சனிக்கிழமைதான் தஞ்சோங் மாலிமில் வகுப்பு.
ரயில் நேரத்தைப் பாரத்தின் நகலிலேயே
குறித்து வைத்திருக்கிறேன்.

"கெடைச்சிருச்சா?"
"இன்னும் இல்ல."
"அப்புறம் எதுக்கு சனிக்கிழமை?"
"பழகிக்கட்டும்னுதான்."

யார் என்று அவர் கேட்கவில்லை.
லாரி பின்னால் வந்து
குலைகளைக் கொட்டியது.